கத்தரி போய் வந்த வழி

ஆபரேஷன் தியேட்டர். வயிற்றுக்குள் திசுவை இழை இழையாகப் பிரித்துக்கொண்டு போகும் கட்டம். ரத்தக்குழாய் எங்கே, நரம்பு எங்கே என்று பார்த்துப் பார்த்து வெட்ட வேண்டும். மருத்துவர் கையை நீட்டுகிறார்; தியேட்டர் சிஸ்டர் உள்ளங்கையில் கத்தரியை வைக்கிறார். இரண்டு வெட்டு சரியாக விழுகிறது. மூன்றாவதில் நுனி வெட்டாமல் திசுவை மடித்துக் கவ்விக்கொள்கிறது. "வேற குடுங்க சிஸ்டர், இது மெல்லுது" என்று மருத்துவர் அதைத் தள்ளி வைக்கிறார். வேறு கத்தரி கைக்கு வருகிறது, வேலை தொடர்கிறது. மயக்கத்தில் இருக்கும் நோயாளிக்கு இதில் எதுவும் தெரியாது. தள்ளிவைத்த கத்தரிக்கோ அங்கிருந்து ஒரு பயணம் தொடங்குகிறது.

அதன் பெயர் மெட்சன்பாம். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் அறுவை மருத்துவராக இருந்த மைரன் மெட்சன்பாமின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. கைப்பிடி நீளம், வெட்டும் அலகு குட்டை. நுனி மழுங்கலாக, பெரும்பாலும் லேசாக வளைந்திருக்கும்; குத்திக் காயப்படுத்தாமல் உள்ளே போய் மெல்லிய திசுவைப் பிரிப்பதற்கு ஏற்ற வடிவம். தடித்த திசுவுக்கு மேயோ கத்தரி இருக்கிறது. தையல் நூல் வெட்டத் தனிக் கத்தரி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை.

இந்தக் கத்தரிகள் புழங்கும் இடங்களை வரிசையாகச் சொன்னால் திருச்சியின் மருத்துவ முகம் தெரிந்துவிடும். புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. அதோடு இணைந்து 1997-இல் தொடங்கிய கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரி. 1934-இல் தொடங்கிய ஜோசப் கண் மருத்துவமனை. பொன்மலையில் ரயில்வே மருத்துவமனை. தில்லைநகர் குறுக்குத் தெருக்களிலும் கன்டோன்மென்ட்டிலும் தனியார் மருத்துவமனைகள். காவிரிக்கு அக்கரையில் ஸ்ரீரங்கம் அரசு மருத்துவமனை. புதுக்கோட்டை, பெரம்பலூர், அரியலூர், கரூர் என்று சுற்று வட்டாரமே அறுவை சிகிச்சைக்கு இங்கேதான் வந்து இறங்குகிறது. எல்லாத் தியேட்டரிலும் தட்டுத் தட்டாகக் கருவிகள் காத்திருக்கின்றன.

மெல்லுகிற கத்தரியை என்ன செய்வது? தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம். கழுவி அதே தட்டில் திரும்ப வைத்துவிடலாம். பழுதுபார்க்க அனுப்பலாம். முதலாவது வீண் செலவு. இரண்டாவது ஆபத்து, எல்லோரும் அவசரத்தில் இருப்பதால் அதிகம் நடக்கக்கூடியதும் அதுதான். மூன்றாவது வழியில் போன கத்தரியைத்தான் இங்கே பின்தொடர்கிறோம்.

பிறந்த ஊர்

அறுவைக் கருவிகளுக்கு உலகில் இரண்டு பெரிய பிறந்த ஊர்கள் உண்டு. ஒன்று ஜெர்மனியின் தெற்கே, டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கும் டுட்லிங்கன். 1867-இல் காட்ஃபிரீட் யெட்டர் அங்கே தொடங்கிய பட்டறைதான் பின்னால் ஏஸ்குலாப் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. சிறிதும் பெரிதுமாக இன்று அந்த ஊரைச் சுற்றி நானூறு மருத்துவக் கருவி நிறுவனங்கள் வரை இருக்கின்றன.

மற்றது பாகிஸ்தானில் இருக்கும் சியால்கோட். அந்த ஊருக்கு இந்தத் தொழில் வந்த விதம் நம் கதைக்கு நெருக்கமானது. வெள்ளைக்காரர் காலத்தில் அங்கே இருந்த மிஷன் மருத்துவமனையில் கருவிகள் உடைந்தால் கடல் கடந்து புதிது வர மாதக்கணக்கில் ஆகும். வாளும் கத்தியும் அடித்துப் பழகிய கொல்லர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவமனை உடைந்த கருவிகளை அவர்களிடம் கொடுத்துச் சரிசெய்யச் சொன்னது. சரிசெய்தவர்கள் கருவியின் உள்ளமைப்பைக் கற்றுக்கொண்டார்கள். அதைப் பார்த்துப் புதிதாகவே அடித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்கு அங்கிருந்து கருவிகள் போயின. இன்று உலகத்துத் தியேட்டர்களில் புழங்கும் சாதாரணக் கருவிகளில் பெரும் பங்கு அந்த ஒரு ஊரில் அடிக்கப்படுகிறது. ஒரு பெருந்தொழிலே பழுதுபார்க்கும் மேடையிலிருந்து எழுந்து வந்திருக்கிறது.

உருக்கின் கதையில் நம் பக்கத்துக்கும் பங்கு உண்டு. தென்னிந்தியக் கொல்லர்கள் மண்குகையில் இரும்பையும் கரியையும் சேர்த்து மூடி உருக்கிய கட்டிகளை வெளிநாட்டார் ஊட்ஸ் என்று அழைத்தார்கள். பழைய சேலம் மாவட்டம் அதற்குப் பேர்போனது. பம்பாயில் இருந்த ஹெலனஸ் ஸ்காட் என்ற மருத்துவர் 1794-இல் இந்த உருக்கின் மாதிரிகளை லண்டனில் இருந்த ஜோசப் பேங்ஸுக்கு அனுப்பினார். ஆராய்ந்து பார்த்த ஜார்ஜ் பியர்சன் 1795-இல் ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்தார். அந்த உருக்கை அடித்துக் கத்தியாக்கிப் பார்த்தவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட். லண்டன் ஸ்ட்ராண்ட் தெருவில் அறுவைக் கருவிகளும் சவரக் கத்திகளும் செய்துகொண்டிருந்தவர். நுண்ணிய விளிம்புக்கு ஊட்ஸ் நன்றாக நிற்கிறது என்று கண்டுகொண்ட அவர், 1820-ஐ ஒட்டி மைக்கேல் பாரடேயுடன் சேர்ந்து உருக்குக் கலவைகளை ஆராய்ந்தார். நம் பக்கத்துக் கொல்லுலையின் உருக்கு அப்படி லண்டன் மருத்துவர் கையில் வெட்டும் விளிம்பாக ஆனது.

அந்தக் காலக் கருவிகளுக்குக் கருங்காலி மரத்திலும் தந்தத்திலும் அழகான பிடிகள் இருந்தன. 1879-இல் பாரிஸில் சார்லஸ் ஷாம்பர்லான் ஆட்டோகிளேவை உருவாக்கினார். கொதி நீராவியில் கிருமி நீக்குவது வழக்கமானதும் மரமும் தந்தமும் தாக்குப்பிடிக்கவில்லை. பிடி முதல் நுனி வரை எல்லாம் உலோகமானது. சாதா உருக்கு துருப்பிடித்தது. மேலே நிக்கல் பூசினால் பூச்சு உரிந்தது. 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி சுமார் 13 சதவீதம் குரோமியம் சேர்த்த உருக்கை உருவாக்கிய பிறகுதான் துருவை எதிர்க்கும் அறுவைக் கருவி என்பது சாத்தியமானது. நம் மெட்சன்பாமும் அந்த வகை உருக்குதான்.

நீராவியும் உப்பும்

துருப்பிடிக்காத எஃகு என்கிறோம். அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு குரோமியம் ஆக்சைடு படலம் இருக்கிறது. எஃகைக் காப்பது அதுதான். அது கிழியாத வரை கருவிக்கு ஒன்றும் ஆகாது. தியேட்டரிலோ அந்தப் படலத்துக்கு எதிரிகள் அதிகம்.

முதல் எதிரி உப்பு. ரத்தத்திலும் குளோரைடு இருக்கிறது, சலைனிலும் இருக்கிறது. ஆபரேஷன் முடிந்ததும் கருவிகளைச் சலைனில் ஊறப்போட்டு வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. ரத்தம் காயாமல் இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் எஃகை அரிப்பதற்கு அது சுலபமான வழி. பிளீச்சிங் கரைசல் இன்னும் மோசம். ஊசி குத்தியது போல் முதலில் ஒரு புள்ளி விழும். புள்ளி குழியாகும். குழிக்குள் ரத்தமும் கிருமியும் தங்கும். எவ்வளவு தேய்த்தாலும் தூரிகை அங்கே போகாது.

அடுத்தது தண்ணீர். கடைசிக் கழுவலுக்குப் போர் தண்ணீரைப் பயன்படுத்தினால் அதிலுள்ள உப்புகள் ஆட்டோகிளேவ் சூட்டில் கருவிமேல் வெண்படலமாகவும் கறையாகவும் படியும். கடைசி அலசலுக்கு உப்பு நீக்கிய தண்ணீர்தான் வேண்டும். 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடத்துக்குக் குறையாமல், அல்லது 134 டிகிரியில் மூன்று நான்கு நிமிடம் என்று நீராவி ஒவ்வொரு சுற்றிலும் கருவியைச் சோதிக்கிறது. வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான சுற்று. நீராவி ரயிலையும் கொதிகலனையும் கையாண்டு பழகிய திருச்சிக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

மூன்றாவது எதிரி மனிதப் பழக்கம். சாணைக்காரரும் தியேட்டர் சிஸ்டரும் சந்தித்தால் இப்படி ஒரு பேச்சு நடக்கும்:

"அண்ணே, போன தடவதான் சாணை பிடிச்சுக் குடுத்தீங்க. அதுக்குள்ள மறுபடி மெல்லுதே."

"இல்லம்மா, இத வச்சு நூல் வெட்டியிருக்காங்க. பாருங்க, நுனியில ஒரே எடத்துல பள்ளம். திசு வெட்டுன கத்தரியில இப்படி விழாது."

அவர் சொல்வது சரி. திசுவுக்கென்று மெல்லியதாகத் தீட்டிய விளிம்பு தையல் நூலை வெட்டினால் பல்லுப்போகும். ஒட்டுத்துணி, ட்ரெயின் குழாய் என்று அவசரத்தில் எதை வெட்டினாலும் அதே கதிதான். கனமான கருவிகளுக்கு அடியில் நுண்ணிய கத்தரியைப் போட்டால் நுனி விலகும். அடையாளத்துக்காக மூட்டுப் பக்கத்தில் பெயரை ஆழமாகச் செதுக்கினால் அங்கிருந்தே விரிசல் ஓடும். கருவி கெடும் காரணங்களில் பாதியைத் தியேட்டரிலேயே தடுத்துவிடலாம். சாணைக்காரர் இதைச் சொல்லும்போது தன் வருமானத்துக்கு எதிராகத்தான் பேசுகிறார், ஆனாலும் சொல்கிறார்.

பாலத்தைத் தாண்டும்போது

ஸ்ரீரங்கத்தில் இருந்து திருச்சிப் பட்டறைக்கு ஒரு பொட்டலம் போக வேண்டுமென்றால் காவிரிப் பாலத்தைத் தாண்ட வேண்டும். 1976-இல் திறந்த அந்தப் பாலம் 2022 நவம்பர் முதல் 2023 மார்ச் வரை மூடப்பட்டுப் பழுதுபார்க்கப்பட்டது. ஊரே அந்த மாதங்களில் சுற்றிப் போனது. பராமரிப்பு என்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போது பள்ளிப் பிள்ளைக்கும் புரிந்தது. பாலம் பெரியது, கண்ணில் படுகிறது. கத்தரி ஒரு சாண் நீளம்கூட இல்லை. அதனால் அதன் பழுது யார் கண்ணிலும் படுவதில்லை.

ஸ்ரீரங்கத்துக்கு இந்தப் பாடம் பழையது. அரங்கநாதர் கோயிலுக்குள் தன்வந்திரி சன்னிதி இருப்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அதோடு ஓர் ஆரோக்கியசாலையும் இயங்கியது என்பதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. சக ஆண்டு 1415, அதாவது கி.பி. 1493-ஐச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று, முன்பு ஹொய்சளர் காலத்தில் அமைந்து பின்னர் அழிவுக்கு உள்ளான ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் மரபில் வந்தவர் புதுப்பித்துத் தன்வந்திரியையும் எழுந்தருளச் செய்தார் என்கிறது. புதிதாகக் கட்டியதை மட்டும் கல்லில் எழுதும் வழக்கம் அன்று இல்லை. பழுதுபட்டதை எடுத்துக் கட்டியவர் பெயரையும் அதே மரியாதையோடு எழுதினார்கள்.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் திருமுக்கூடலில் உள்ள 11-ஆம் நூற்றாண்டு வீரராஜேந்திர சோழன் கல்வெட்டு இன்னும் விரிவாகவே பேசும். 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை, மருத்துவர் ஒருவர், அவரைத் தவிரச் சல்லியக்கிரியை, அதாவது அறுவை செய்ய ஒருவர், மருந்து கொண்டுவருவோர், பணிப்பெண்கள், நாவிதர். ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று ஊதியமும் குறித்திருக்கிறது. அறுவை தனித் தொழிலாக நின்றிருக்கிறது என்றால், அதற்குரிய கருவிகளும் அவற்றைத் தீட்டி வைக்கும் பழக்கமும் இருந்திருக்க வேண்டும்.

அந்தப் பழக்கம் எப்படிப்பட்டது என்பதைச் சுஸ்ருதரின் நூலில் காணலாம். 101 யந்திரங்கள், 20 சஸ்திரங்கள் என்று கருவிகளை அவர் பட்டியலிடுகிறார். பறவை அலகு போன்ற கத்தரியும் அதில் உண்டு. எந்தக் கல்லில் தீட்ட வேண்டும், மயிரைப் பிளக்கும் அளவுக்கு விளிம்பு இருக்க வேண்டும், இலவ மரப் பெட்டியில் வைக்க வேண்டும் என்று பராமரிப்பையும் அறுவைப் பாடத்தின் பகுதியாகவே சொல்லிக்கொடுக்கிறார். கருவியைக் காப்பது வேறு யாரோ செய்ய வேண்டிய எடுபிடி வேலை என்று அவர் நினைக்கவில்லை.

சாணை மேடையில்

பொட்டலம் பட்டறைக்கு வந்துவிட்டது. சர்ஜிக்கல் கடைக்காரர் வழியாக வந்திருக்கலாம். பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்தின் ஆள் நேரில் போய் வாங்கி வந்திருக்கலாம். பொறுப்பான பழுதுபார்ப்பவர் முதலில் கேட்பது, "ஸ்டெரைல் பண்ணித்தான் அனுப்பினாங்களா?" என்பதுதான். ரத்தக் கறையோடு வரும் கருவி அவருடைய உயிருக்கே ஆபத்து. மஞ்சள் காமாலைக் கிருமி ஒரு கீறல் வழியாக உள்ளே போய்விடும். கருவியைச் சுத்தம் செய்து அனுப்புவது மருத்துவமனை அவருக்குக் கொடுக்க வேண்டிய முதல் மரியாதை.

உருப்பெருக்கி விளக்கின் கீழ் கத்தரியை வைத்துப் பார்க்கிறார். பழுப்பு நிறத்தில் ஒரு திட்டு. பென்சில் அழிக்கும் ரப்பரை எடுத்துத் தேய்க்கிறார். திட்டு போய் அடியில் வழவழப்பாக இருந்தால் அது வெறும் கறை. அடியில் குழி தெரிந்தால் துரு. இது கறைதான். அடுத்து, கத்தரியை மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கிறார். நல்ல கத்தரியின் இரண்டு அலகுகளும் முழு நீளத்துக்கும் ஒட்டியிருக்காது. இடையில் மெல்லிய இடைவெளி தெரியும், நுனியில் மட்டும் தொடும். ஒவ்வொரு அலகும் சற்றே வில்லாக வளைந்திருப்பதால், மூடும்போது இரண்டும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு புள்ளியில்தான் சந்திக்கும். அந்தப் புள்ளி மூட்டிலிருந்து நுனி வரை நகர்ந்துகொண்டே போகும்; வெட்டு என்பது அந்த நகர்வுதான். இந்தக் கத்தரியில் நுனிக்குச் சற்று முன்னாலேயே அந்தத் தொடர்பு விட்டுப்போகிறது. மெல்லுவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது: விளிம்பில் பள்ளம், வளைவில் தளர்ச்சி, இரண்டும்.

திருகைக் கழற்றி அலகுகளைப் பிரிக்கிறார். பிரித்த இரண்டையும் சேர்த்தே வைக்க வேண்டும். ஒரு கத்தரியின் அலகு இன்னொன்றுக்குப் பொருந்தாது. பிறந்ததிலிருந்து ஒன்றோடொன்று உரசித் தேய்ந்த ஜோடி அது.

இனி சாணை. இங்கேதான் தெருவில் கத்தி தீட்டுபவருக்கும் இவருக்கும் உள்ள தூரம் தெரியும். வேகமாகச் சுற்றும் உலர்ந்த கல்லில் கொடுத்தால் விளிம்பு சூடேறும். ஓரத்தில் நீலம் ஓடினால் எஃகின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். ஆலையில் சூடுபடுத்திக் குளிர்வித்து ஏற்றிய கடினம் அந்த ஒரு நொடியில் இறங்கிவிடும். அப்புறம் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. அதனால் மெதுவாகச் சுற்றும் கல், இடையிடையே தண்ணீர், விரலில் சூடு தெரிவதற்கு முன்பே கையை எடுத்துவிடும் பழக்கம். விளிம்பின் வெளிச்சரிவை மட்டும் தொடுகிறார். உள்முகத்தில் கல் பட்டால் அங்கிருக்கும் நுண்ணிய குழிவு போய்விடும். அலகுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, திசு நடுவில் மடங்கும். எவ்வளவு எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு குறைவாக எடுத்து வேலையை முடிக்கிறோம் என்பதில்தான் தேர்ச்சி இருக்கிறது. ஒவ்வொரு சாணையும் கத்தரியின் ஆயுளில் கொஞ்சத்தைத் தின்கிறது.

பிடி தங்க நிறத்தில் இருந்தால் விஷயமே வேறு. விளிம்பில் டங்ஸ்டன் கார்பைடு பட்டை பதித்திருக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம். சாதாக் கல் அதைத் தொடவே தொடாது. வைரத்துகள் பதித்த சக்கரம் வேண்டும். கண் அறுவைக்கான வன்னாஸ் கத்தரி போன்றவற்றுக்கு மைக்ரோஸ்கோப் வேண்டும். அதைச் செய்யத் தெரியாதவர் தெரியாது என்று சொல்லித் திருப்பி அனுப்புவதும் தொழில் நேர்மைதான்.

தீட்டியபின் எண்ணெய்க் கல்லில் பிசிறை எடுக்கிறார். பித்தளைக் கட்டையில் வைத்துச் சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டு. மறுபடி வெளிச்சத்தில் பார்வை. மறுபடி ஒரு தட்டு. தளர்ந்த வளைவு திரும்ப வந்துவிட்டது. திருகைப் பூட்டி, ஒரு பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விடுகிறார். அது தொப்பென்று விழுந்தால் இறுக்கம் போதாது. அசையாமல் நின்றால் இறுக்கம் அதிகம். பாதி வழியில் வந்து நின்றால் சரி. பழைய சர்ஜிக்கல் கையுறையின் மெல்லிய ரப்பரை இழுத்துப் பிடித்து நுனியால் மட்டும் வெட்டிப் பார்க்கிறார். இழுபடாமல், கசங்காமல், சத்தமில்லாமல் பிளந்துகொண்டு போகிறது.

பிறகு பளபளப்பு. கண்ணாடி போல மின்னினால் தியேட்டர் விளக்கு பட்டு மருத்துவர் கண்ணைக் கூசச் செய்யும்; அதனால் மங்கலான மெருகு. சாணையில் கிழிந்த குரோமியம் படலம் திரும்ப உருவாக அமிலக் குளியல். கடைசியில் மூட்டுக்கு எண்ணெய். கையில் கிடைத்த தையல் மெஷின் எண்ணெயை விட்டால் பெரும் பிழை. அதன் படலத்துக்கு அடியில் நீராவி போகாது, கிருமி பிழைத்துக்கொள்ளும். தண்ணீரில் கரையும், நீராவியை உள்ளே விடும் தனி மசகுதான் இங்கே செல்லும்.

அதே பொட்டலத்தில் வந்த ஆர்ட்டரி ஃபோர்செப்ஸுக்குச் சோதனை வேறு. ராட்செட்டின் முதல் பல்லில் பூட்டி, மூட்டைப் பிடித்துக்கொண்டு ராட்செட் பக்கத்தை உள்ளங்கையில் தட்டுகிறார். பட்டென்று திறந்துகொண்டால், ரத்தக்குழாயைப் பிடித்திருக்கும்போதும் அப்படித்தான் திறக்கும். நீடில் ஹோல்டரின் வாயில் ஊசியைப் பூட்டி விரலால் திருப்பிப் பார்க்கிறார். ஊசி நகர்ந்தால் வாய் தேய்ந்துவிட்டது. லேப்ராஸ்கோப்பி கருவி வந்தால் அதன் மேலுறையில் ஊசிமுனைத் துளை இருக்கிறதா என்று மின்சாரம் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துளை வழியாக மின்சாரம் பாய்ந்து குடலைச் சுட்டுவிடும். அது நடந்தது அந்த நேரத்தில் மருத்துவருக்கே தெரியாது.

திரும்பும் வழி

கத்தரி பாலத்தைத் தாண்டித் திரும்புகிறது. கழுவல், அலசல், உலர்த்தல், மூட்டைத் திறந்து வைத்துச் சோதனை, பொதி கட்டல், ஆட்டோகிளேவ், பிறகு தட்டு. மறுநாள் காலை மருத்துவர் கை நீட்டும்போது அது வெட்டுகிறது. வெட்டுகிற கத்தரியைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். பழுதுபார்த்தவரின் பெயர் எந்தப் பதிவிலும் இருக்காது.

இதை மாற்ற வேண்டும் என்பதுதான் என் வாதம். மாற்ற முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கருவிப் பராமரிப்பைத் தனித் துறையாக வைத்து, தொழில்நுட்பப் பணியாளர்களுக்கு அதில் பயிற்சி வகுப்பே நடத்துகிறது. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்து கற்றுப் போகிறார்கள். நாள்தோறும் பெரும் எண்ணிக்கையில் கண் அறுவை செய்யும் இடத்தில் கருவி நின்றால் வரிசையே நின்றுவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆள் பழக்குவதையும் பதிவு வைப்பதையும் அவர்கள் சிகிச்சையின் பகுதியாகப் பார்க்கிறார்கள்.

திருச்சிக்கு இந்த வேலை அந்நியம் இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து 1928-இல் பொன்மலைக்கு வந்த ரயில்வே பணிமனை இன்றும் நீலகிரி மலை ரயிலின் நீராவி என்ஜின்களைப் பார்த்துக்கொள்கிறது. புதிதாகக் கட்டியும் கொடுத்திருக்கிறது. 1965-இல் வந்த பெல் தொழிற்சாலை கொதிகலன் வேலையில் தலைமுறைகளைப் பழக்கியது. செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டி ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. சக்கரத்தில் எவ்வளவு அழுத்துவது, எப்போது கையெடுப்பது என்பது அவர்கள் விரலில் இருக்கிறது. அந்தத் தொழில் சுருங்கிப்போன காலத்தில், அந்த விரல்களுக்கு வேலை கொடுக்க மருத்துவமனைகள் நிறைந்த ஓர் ஊரால் முடியாதா? ஐ.டி.ஐ.-யில் ஃபிட்டர் படிக்கும் பையனுக்கும் பெண்ணுக்கும் ஆறு மாதம் அறுவைக் கருவிப் பராமரிப்பைச் சொல்லிக்கொடுத்தால் அவர்களுக்கு இந்த ஊரிலேயே பிழைப்பு இருக்கிறது.

மருத்துவமனைகள் செய்ய வேண்டியதும் பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பதிவேடு: எந்தக் கருவி எப்போது சாணைக்குப் போனது, யார் சரிசெய்தார், என்ன கோளாறு. மெல்லுகிற கத்தரியை அன்றே தனியே எடுத்து வைக்கச் சிஸ்டருக்கு அதிகாரம். திசுக் கத்தரியில் நூல் வெட்டக்கூடாது என்ற கட்டுப்பாடு, பெரிய மருத்துவர் முதல் பயிற்சி மருத்துவர் வரை எல்லோருக்கும். மாற்றுச் செட் இருந்தால்தான் ஒன்றைப் பழுதுக்கு அனுப்ப முடியும் என்பதால், வாங்கும்போதே அதற்கும் சேர்த்து வாங்குவது. குறைந்த விலை ஒன்றையே பார்த்து வாங்கிய கருவி இரண்டாம் சாணையைத் தாங்காது. நல்ல எஃகில் வாங்கியதை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் வருஷக்கணக்கில் உழைக்கும்.

கத்தரிக்கும் முடிவு உண்டு. தீட்டித் தீட்டி அலகு ஒடுங்கி, நுனிகள் ஒன்றையொன்று எட்டாத நாள் வரும். மூட்டில் விரிசல் கண்டாலும் அதோடு சரி. அன்றைக்கு "இனிமே இது ஆகாதும்மா, எடுத்துருங்க" என்று சொல்லும் உரிமையும் பழுதுபார்ப்பவருக்கு இருக்க வேண்டும். கூலி போனாலும் பரவாயில்லை என்று அதைச் சொல்பவரே நல்ல தொழிலாளி. அப்படி ஒதுக்கியது பழைய இரும்பாக உருகி இன்னொரு பொருளாகிப் போகட்டும்.

ஆரோக்கியசாலையை எடுத்துக் கட்டியவர் பெயரை 1493-இல் கல்லில் வெட்டி வைத்தது ஸ்ரீரங்கம். அதே ஊரிலும் காவிரிக்கு இக்கரையிலும் இன்று கருவிகளைக் காப்பவர்களுக்குக் கல்வெட்டு வேண்டாம். தட்டுப் பதிவேட்டில் அவர்களுடைய பெயரும் தேதியும், மாதம் தவறாமல் நியாயமான கூலியும், கருவி வாங்கும் கூட்டத்தில் அவர்களுக்கு ஒரு நாற்காலியும் போதும். அறுவை சிகிச்சை செய்துகொள்ளப் போகிற ஒவ்வொருவருக்கும் அது பயன்படும். அந்த ஒவ்வொருவரில் நாமும் நம் வீட்டாரும் அடக்கம்.